மறைக்கிற நேரத்துல தான் பணம் போகுது

2024ல மட்டும் சைபர் மோசடில நம்ம நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய்னு மத்திய அரசு நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. அதுக்கு முந்தின வருஷம் 7,465 கோடி. ஒரே வருஷத்துல மூணு மடங்கு ஆயிருச்சு. இந்தக் கணக்கப் பாத்ததும் எல்லாரும் கேக்கற கேள்வி "எப்படிங்க இவ்ளோ பேரு ஏமாறுறாங்க, அதுவும் படிச்சவங்க" அப்படிங்கறது தான். எனக்கு அந்தக் கேள்வி மேலயே கோவம் வரும். ஏன் ஏமாந்தாங்கன்னு கேக்கறத விட்டுட்டு, ஏமாந்தது தெரிஞ்ச அப்புறம் அடுத்த ஒரு மணி நேரம் என்ன பண்ணாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. முக்கால்வாசி பேரு ஒண்ணும் பண்ணிருக்க மாட்டாங்க. வீட்டுல சொன்னா திட்டுவாங்க, மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும், பக்கத்து வீட்டுல சிரிப்பாங்கன்னு உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கிட்டு இருந்திருப்பாங்க. பணம் போறது அந்த நேரத்துல தான்.

நான் கோயம்புத்தூர் திருப்பூர் பக்கம் சின்ன சின்ன கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்பு பாக்கறவன். நிட்டிங், டையிங், பிரிண்டிங், மோட்டார் பம்ப் உதிரி பாகம் பண்றவங்க, ரெண்டு மூணு ஆடிட்டர் ஆபீஸ், அப்படித்தான் என்னோட கஸ்டமர்ஸ். பத்து சிஸ்டம், கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேருக்கு ஒரு சர்வர், மாடில ஒரு கேமரா பெட்டி, அவ்ளோ தான் ஒவ்வொரு எடமும். பிரிண்டர் வரலன்னு கூப்புடுவாங்க, நெட்டு ஸ்லோன்னு கூப்புடுவாங்க. இப்போ கொஞ்ச வருஷமா வர்ற போன் வேற மாதிரி. குரல் தாழ்த்திப் பேசுவாங்க, "யாருக்கும் சொல்லாதீங்க" ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும், ஏன்னா எத்தன மணிக்கு நடந்துச்சுன்னு கேட்டா "நேத்து மத்தியானம்" ம்பாங்க.

மொதல்ல, சைபர் மோசடில பணம் போனா கூப்பிட வேண்டிய 1930ங்கற நம்பர் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், ஏன்னா அது புரிஞ்சா தான் நேரம் எவ்ளோ முக்கியம்னு புரியும். இது மத்திய உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ இருக்கற சைபர் குற்றத் தடுப்பு மையம் நடத்துறது, போலீஸும் பேங்குகளும் யூபிஐ கம்பெனிகளும் ஒரே சிஸ்டத்துல சேந்திருக்காங்க, 2021ல ஆரம்பிச்சது. நீங்க கூப்பிட்டு எந்த அக்கவுண்ட்ல இருந்து எவ்ளோ, எத்தன மணிக்கு, அந்த பரிவர்த்தனை எண் என்னன்னு சொன்னா அவங்க டிக்கெட் போடுவாங்க, அது நேரா பணம் போய்ச் சேந்த பேங்குக்குப் போகும். பணம் இன்னும் அந்த அக்கவுண்ட்ல இருந்தா அப்படியே நிறுத்தி வெப்பாங்க. அங்க இருந்து வேற பேங்குக்குப் போயிருந்தா அந்த பேங்குக்கு தகவல் போகும், அங்கயும் தாண்டியிருந்தா அடுத்தது. திருடனும் சும்மா இருக்க மாட்டான், ஒரு அக்கவுண்ட்ல விழுந்த பணத்த அஞ்சு பத்து அக்கவுண்ட்டா பிரிச்சு அனுப்பி, கடைசில ஏடிஎம்ல எடுத்துருவான் இல்ல கிரிப்டோவா மாத்திருவான். அது வரைக்கும் தான் நமக்கு வழி இருக்கு. வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து வரட்டும், ராத்திரி சொல்லிக்கலாம்னு காத்திருந்தா அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

இன்னொண்ணு, ரிசர்வ் பேங்க் 2017 ஜூலைல போட்ட உத்தரவு ஒண்ணு இருக்கு, அத நெறய பேருக்குத் தெரியாது. நம்ம தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம வேற எங்கயோ ஓட்டை விழுந்து அனுமதி இல்லாம பணம் போயிருந்தா, மூணு வேலை நாளுக்குள்ள பேங்க் கிட்ட சொல்லிட்டா நமக்கு நஷ்டம் கெடையாது. நாம ஓடிபிய சொல்லிட்டோம், பாஸ்வேர்ட குடுத்துட்டோம்னா சொல்ற வரைக்கும் போனது நம்ம கணக்கு, ஆனா சொன்னதுக்கு அப்புறம் போறது பேங்க் கணக்கு. அப்ப நம்ம தப்பே ஆனாலும் சீக்கிரம் சொல்றதுல லாபம் இருக்கு. போன்ல சொல்லிட்டு விட்டுராதீங்க, புகார் எண்ண வாங்கி எழுதி வெச்சுக்கங்க, அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல போயி ஸ்டேட்மெண்ட், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏத்தி புகார முழுசா முடிங்க. வாட்ஸப் சேட்ட அசிங்கமா இருக்குன்னு அழிச்சிராதீங்க, அதான் சாட்சி.

டிஜிட்டல் அரெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். இத வெறும் பயமுறுத்தல்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நான் பாத்த வரைக்கும் இது முழுக்க முழுக்க "யாருக்கும் சொல்லாத" ங்கற ஒரே கட்டளை மேல நிக்கற மோசடி. கொரியர்ல உங்க பேருல போதைப் பொருள் வந்திருக்கு, உங்க ஆதார வெச்சு மும்பைல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி பணமோசடி நடந்திருக்கு, சிபிஐல இருந்து பேசறோம், வீடியோ கால்ல வாங்க. அதுக்கப்புறம் அவன் பண்ற மொத வேலை உங்கள தனி ரூமுக்கு அனுப்பறது. கதவ சாத்துங்க, கேமராவ ஆஃப் பண்ணாதீங்க, இது ரகசிய விசாரணை, வீட்டுல சொன்னா அவங்களையும் கைது பண்ணுவோம். வீட்டுல இருக்கற யார் கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே முடிஞ்சு போயிருக்கும், அது அவனுக்கு நல்லாத் தெரியும்.

பஞ்சாப்ல வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், எண்பது வயசு தாண்டினவர், நம்ம நூல் லைன்ல இருக்கறவங்களுக்கு தெரிஞ்ச பேரு, அவர 2024 ஆகஸ்ட்ல ரெண்டு நாள் ஸ்கைப்ல புடிச்சு வெச்சு ஏழு கோடி வாங்கிட்டாங்க. பொய்யா ஒரு சுப்ரீம் கோர்ட் விசாரணையே ஆன்லைன்ல நடத்திக் காமிச்சாங்க. ஆனா அவரு தன் கம்பெனி ஆள் கிட்ட சொன்னாரு, போலீஸுக்குப் போனாங்க, அஞ்சே கால் கோடி திரும்பக் கெடைச்சுது. அதுக்கப்புறம் அவரே வெளிப்படையா பேட்டியும் குடுத்தாரு. அவ்ளோ பெரிய தொழிலதிபர் "எனக்கு இப்படி நடந்துச்சு" ன்னு ஊரறியச் சொன்னது எனக்கு ரொம்ப மரியாதையான காரியமா பட்டுச்சு. அதே வருஷம் அக்டோபர் 27ந் தேதி மன் கி பாத்ல பிரதமரும் டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்துல ஒண்ணுமே கெடையாதுன்னு சொன்னாரு. எந்த போலீஸும், எந்த கோர்ட்டும், எந்த அமலாக்கத்துறையும் வீடியோ கால்ல உங்கள கைது பண்ண முடியாது. "சரிபார்க்கறதுக்காக" பணத்த ஒரு அக்கவுண்ட்டுக்கு மாத்துங்கன்னு அரசாங்கத்துல யாரும் கேக்க மாட்டாங்க.

வயசானவங்க வீட்டுல இருந்தா அவங்களுக்கு இந்த சட்டமெல்லாம் பாடம் எடுக்க வேணாம், மறந்துருவாங்க. நான் எங்கம்மாவுக்கு சொன்னது ஒண்ணே ஒண்ணு. "அம்மா, போன்ல யாராச்சும் யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னா, ஒடனே கட் பண்ணிட்டு எனக்கு கூப்புடு. நான் எந்த வேலைல இருந்தாலும் எடுப்பேன். பணமே போயிருந்தாலும் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்." இதுல கடைசி வரி தான் முக்கியம். அத சொல்றதோட நிக்காம நெசமாவே கடைப்பிடிக்கணும். போன தடவ தெரியாம ஏதோ ரீசார்ஜ் ரெண்டு தடவ பண்ணிட்டாங்கன்னு எரிஞ்சு விழுந்திருந்தீங்கன்னா, பெரிய விஷயம் நடக்கறப்போ உங்க கிட்ட வர மாட்டாங்க.

போன் பண்றவன் யாருன்னும் கொஞ்சம் யோசிக்கணும். மியான்மர், கம்போடியா எல்லைல காம்பவுண்டு சுவருக்குள்ள பெரிய பெரிய கட்டடம் கட்டி, தாய்லாந்துல ஐடி வேலைன்னு சொல்லி கூட்டிட்டு வந்த பசங்கள பாஸ்போர்ட்ட புடுங்கி அடிச்சு ஒதச்சு இந்த வேலை செய்ய வெக்கறாங்க. 2022 அக்டோபர்ல மியான்மர்ல இருந்து மீட்டு சென்னைக்கு கொண்டு வந்த 13 பேரு நம்ம தமிழ்ப் பசங்க தான். 2025 மார்ச்ல விமானப்படை விமானம் போயி ஐநூறுக்கு மேல இந்தியர்கள கூட்டிட்டு வந்துச்சு. அதனால சுத்தமான தமிழ்ல பேசறான், நம்ம ஊரு பேரெல்லாம் சொல்றான்னு நம்பாதீங்க. வெளிநாட்டு வேலைன்னு ஏஜெண்ட் ஆசை காட்டுனா, டூரிஸ்ட் விசாவுல போகச் சொன்னா, அந்தப் பையன தயவு செஞ்சு நிறுத்துங்க.

போன்ல இன்னொரு பக்கம் நடக்கறது ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போன்ல ஆப் ஏத்தற ஃபைல். கல்யாண பத்திரிகைன்னு வாட்ஸப்ல ஒரு ஃபைல் வரும், தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வரும், ஏன்னா அவங்க போன் ஏற்கனவே மாட்டியிருக்கும். இல்லாட்டி டிராஃபிக் அபராத சலான்னு ஆர்டிஓ பேருல வரும், பேங்க் கேஒய்சின்னு வரும். நெசமான பத்திரிகைன்னா படமாவோ பிடிஎஃப்பாவோ தான் வரும். ஃபைல் பேரு கடைசில ஏபிகேன்னு முடிஞ்சா அது ஆப். தொட்டா "தெரியாத இடத்துல இருந்து இன்ஸ்டால் பண்ண அனுமதி" கேக்கும், அப்புறம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும், சிலது அக்சஸிபிலிட்டி அனுமதியும் கேக்கும். அதயும் குடுத்துட்டா உங்க ஸ்கிரீன்ல தெரியறத அவன் படிக்கலாம், உங்களுக்கு பதிலா அவனே பட்டன தொடலாம். ஐகான் மறைஞ்சிரும், ஒண்ணும் திறக்கலன்னு நீங்க மறந்துருவீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடிபி எல்லாம் அவனுக்குப் போயிட்டு இருக்கும்.

சமீபத்துல ஒரு ஜாப் ஒர்க் யூனிட் சூப்பர்வைசர் போன பாத்தேன். செட்டிங்ஸ்ல போயி எஸ்எம்எஸ் அனுமதி வாங்கியிருக்கற ஆப் பட்டியல எடுத்தா, பேரே இல்லாம வெறும் வெள்ளை ஐகானோட ஒண்ணு உக்காந்திருந்துச்சு. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா கெடந்துச்சு, அமுத்துனா வேலை செய்யல. ஏன்னா அது டிவைஸ் அட்மின்ங்கற, போனையே நிர்வகிக்கற அனுமதியும் வாங்கியிருந்துச்சு. அத எடுத்து விட்டா தான் தூக்க முடியும். அவரு அந்த ஃபைல தொட்டதும் ஏதோ தப்புன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, ஆனா சம்சாரத்துக்குத் தெரிஞ்சா வம்புன்னு ரெண்டு நாள் சும்மா இருந்துட்டாரு. அதுக்குள்ள அவரு வாட்ஸப்ல இருந்து கம்பெனி குரூப்புக்கு அதே பத்திரிகை போயிருச்சு, தையல்ல இருக்கற பொண்ணுங்க மூணு பேரு தொட்டுட்டாங்க. அவரு அன்னைக்கே குரூப்ல ஒரு வரி போட்டிருந்தா அது அவரோட போயிருக்கும்.

அந்த மாதிரி தொட்டுட்டீங்கன்னு தெரிஞ்சா, மொதல்ல போன ஏரோபிளேன் மோடுல போடுங்க, வைஃபையும் ஆஃப் ஆயிருச்சான்னு பாருங்க, சிம்ம கழட்டி ஒரு பட்டன் போன்ல போடுங்க. அந்த போன்ல இருந்து பேங்குக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யூபிஐ, கார்டு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. ##002# அடிச்சு கால் ஃபார்வர்டிங் எல்லாத்தையும் எடுத்து விடுங்க. வேற கம்ப்யூட்டர்ல இருந்து மெயில் பாஸ்வேர்ட மாத்துங்க. அப்புறம் போட்டோவெல்லாம் எடுத்துட்டு போன ஃபேக்டரி ரீசெட் பண்ணிருங்க, ஆன்டிவைரஸ் ஓட்டி சுத்தமாயிருச்சுன்னு நம்பி வெச்சுக்காதீங்க.

இனி கம்பெனிங்க. இங்க தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஒரு சின்ன கம்பெனி, வெளிநாட்டுல இருந்து மெஷின் பார்ட்ஸ் எறக்குறவங்க. சப்ளையரோட மெயில் பெட்டி ஹேக் ஆயிருக்கு, இவங்களுக்கு தெரியாது. மாசக்கணக்கா போயிட்டு இருந்த அதே மெயில் தொடர்ல, அதே இன்வாய்ஸ் நம்பரோட, "எங்க அக்கவுண்ட்ல ஆடிட் நடக்குது, இந்தத் தடவ பணத்த இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க" ன்னு ஒரு பதில். அட்ரஸ உத்துப் பாத்தா ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய எடத்துல ஆர், என் ரெண்டையும் ஒட்டிப் போட்டிருந்தான். சின்ன எழுத்துல ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், நான் ஜூம் பண்ணித்தான் கண்டுபிடிச்சேன். அக்கவுண்ட்ஸ் பாக்கற பொண்ணு பதினெட்டு லட்சத்துக்கு கிட்ட அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு நெசமான சப்ளையர் பணம் எங்கன்னு கேட்டப்போ தான் அவங்களுக்கு புரிஞ்சிருக்கு.

புரிஞ்சதும் மொதலாளி கிட்ட சொல்லல. சாயந்தரம் எனக்கு கூப்பிட்டு, "அண்ணா, மெயில்ல அனுப்புனத திரும்ப எடுக்கற மாதிரி பணத்தையும் ஏதாச்சும் பண்ண முடியுமாண்ணா" ன்னு அழுதாங்க. "நீங்க இப்பவே சார் கிட்ட சொல்லுங்கம்மா, நான் லைன்ல இருக்கேன்" னு சொன்னேன். "வேண்டாண்ணா, போன மாசம் ஜிஎஸ்டில ஐநூறு ரூபா லேட் ஃபீஸ் வந்ததுக்கே எல்லார் முன்னாடியும் கத்துனாரு" ன்னாங்க. அந்த ராத்திரியும் போச்சு. மறுநாள் பேங்க்ல போயி, வெளிநாட்டு பேங்குகளுக்கு தகவல் அனுப்பற ஸ்விஃப்ட் வழியா திரும்பக் கேட்டு அனுப்புனோம், அங்க அந்த அக்கவுண்ட் காலி. மொதலாளி நல்ல மனுஷன் தான், அந்தப் பொண்ண வேலைய விட்டு அனுப்பல. ஆனா ஐநூறு ரூபாய்க்கு அவரு போட்ட சத்தம் ஒரு முழு ராத்திரிய தின்னுருச்சுன்னு அவரு கிட்ட நேராவே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல அவரு.

இது சின்ன ஆளுங்களுக்கு மட்டும் நடக்கறது இல்ல. அருப்னு ஒரு பெரிய இன்ஜினியரிங் கம்பெனி, அவங்க ஹாங்காங் ஆபீஸ்ல 2024 தொடக்கத்துல ஒரு ஃபைனான்ஸ் ஊழியருக்கு லண்டன் தலைமை நிதி அதிகாரி பேருல மெயில் வந்துச்சு. அவரு சந்தேகப்பட்டாரு. அப்புறம் வீடியோ மீட்டிங்குக்கு கூப்பிட்டாங்க, போயி பாத்தா அதிகாரியும் இருக்காரு, தெரிஞ்ச சக ஊழியர்களும் இருக்காங்க, எல்லாமே ஏஐ வெச்சு பண்ண போலி முகம். 15 தடவையா 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிட்டாரு. அந்த ஊழியருக்கு மொதல்ல வந்த சந்தேகம் சரியானது. அந்த சந்தேகத்த எடுத்துட்டுப் போயி பெரிய அதிகாரிய எதிர்த்து கேக்கறதுக்கு ஒரு வழி இருந்திருக்கணும்.

அந்த வழிய போட்டுத் தர்றது மொதலாளி வேலை. நான் இப்போ எல்லா கஸ்டமர் கிட்டயும் கெஞ்சிக் கேக்கறது இது. பேங்க் அக்கவுண்ட் மாறுதுன்னு எந்த மெயில் வந்தாலும், எந்த வாட்ஸப் வந்தாலும், பழைய பில்லுல இருக்கற நம்பருக்கு, அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல, கூப்பிட்டு பேசின பிறகு தான் பணம் போகணும். நெட் பேங்கிங்ல மேக்கர் செக்கர் வசதி இருக்கு, ஒருத்தர் போடுவாங்க, இன்னொருத்தர் பாத்து அனுப்புவாங்க, அத பேங்க்ல கேட்டு வாங்குங்க. செக்கர் பாஸ்வேர்டையும் அதே பொண்ணு கிட்ட குடுத்து "நீயே போட்டுரும்மா" ன்னு சொன்னா அதுக்கு அர்த்தமே இல்லாம போயிரும். முக்கியமா, "நானே போன் பண்ணி அவசரம்னு கத்துனாலும், நீங்க சரிபாக்காம அனுப்பக் கூடாது, லேட்டாச்சுன்னு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" னு மொதலாளி தன் வாயால, எல்லார் முன்னாடியும் சொல்லணும். எக்ஸ்போர்ட் பண்றவங்க இன்வாய்ஸ் கீழயே "எங்க பேங்க் விவரம் மெயில் மூலமா மாறாது" ன்னு ஒரு வரி போடுங்க, உங்க பையர் காப்பாத்தப்படுவாரு.

மெயில் பெட்டி ஹேக் ஆயிருக்கோன்னு சந்தேகம் வந்தா பாஸ்வேர்ட் மாத்துனா மட்டும் பத்தாது. செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரூல் ரெண்டையும் போயி பாருங்க. இன்வாய்ஸ், பேமென்ட் அப்படிங்கற வார்த்தை வர்ற மெயில் எல்லாம் தானா வேற ஃபோல்டருக்கு போற மாதிரி, இல்ல வெளி அட்ரஸுக்கு ஒரு காப்பி போற மாதிரி ரூல் போட்டு வெச்சிருப்பான். பாஸ்வேர்ட் மாறுனாலும் அந்த ரூல் ஓடிட்டே இருக்கும்.

ரேன்சம்வேர் பத்தி சொல்லாம விட முடியாது. திங்கக்கெழம காலைல கூப்புடுவாங்க, டேலி ஓப்பன் ஆகலன்னு. போயி பாத்தா டேட்டா ஃபோல்டர்ல எல்லா ஃபைலுக்கும் பேரு பின்னாடி புரியாத எழுத்து ஒட்டியிருக்கும், டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் ஃபைல், அதுல ஒரு மெயில் ஐடி, உங்க ஃபைல பூட்டிட்டோம், பணம் குடுத்தா சாவி தர்றோம். எங்க பக்கம் நான் பாக்கற கேஸ்ல பெரும்பாலும் வழி ஒண்ணு தான். ஆடிட்டரோ மொதலாளியோ வீட்டுல இருந்து டேலி பாக்கறதுக்காக ரிமோட் டெஸ்க்டாப்ப, அதாவது வெளிய இருந்து சிஸ்டத்துக்குள்ள வர்ற வாசல் மாதிரியான அந்த 3389 போர்ட்ட, நேரா இன்டர்நெட்டுக்கு திறந்து வெச்சிருப்பாங்க, பாஸ்வேர்ட் கம்பெனி பேரும் 123ம். அந்தப் போர்ட்ட தேடி உலகம் பூரா ராவும் பகலும் மெஷின் வெச்சு தட்டிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கெழம ராத்திரி உள்ள வந்தா காலை வரைக்கும் யாரும் பாக்க மாட்டாங்க. பேக்கப் இருக்கான்னு கேட்டா "இருக்குங்க, டெய்லி போகுது" ன்னு சர்வர்லயே சொருகியிருக்கற ஹார்ட் டிஸ்க்க காமிப்பாங்க. அதுவும் பூட்டியிருக்கும்.

அந்த எடத்துல பண்ற பெரிய கெடுதல், வெளிய தெரியறதுக்குள்ள ஃபார்மேட் பண்ணிரலாம்ங்கறது. பையருக்குத் தெரிஞ்சா ஆர்டர் போயிரும்னு பயம். தயவு செஞ்சு பண்ணாதீங்க. நெட்வொர்க் ஒயர புடுங்குங்க, வைஃபைய நிறுத்துங்க, மத்த சிஸ்டத்துக்கு பரவாம பாருங்க, பூட்டின ஃபைல் ரெண்டு மூணையும் அந்த மிரட்டல் நோட்டையும் தனியா காப்பி எடுத்து வெய்ங்க. நோ மோர் ரேன்சம்னு யூரோபோல் போலீஸும் பாதுகாப்பு கம்பெனிகளும் சேந்து 2016ல ஆரம்பிச்ச தளம் இருக்கு, சில பழைய வகைக்கு சாவி அங்க இலவசமாவே கெடைக்கும், இன்னைக்கு இல்லாட்டியும் பின்னாடி வரலாம், ஃபார்மேட் பண்ணிட்டா அதுவும் போச்சு. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ந் தேதி போட்ட உத்தரவுப்படி கம்பெனிங்க இந்த மாதிரி தாக்குதல 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தெரிவிக்கணும். சின்ன கம்பெனி, நமக்கு எதுக்குன்னு விட்டுராதீங்க, போலீஸ் புகாருக்கும் இன்சூரன்ஸுக்கும் அந்தத் தகவல் உதவும்.

பேக்கப்புக்கு ரெண்டு டிஸ்க் வாங்குங்க. ஒரு வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் இன்னொண்ணு, சொருகாதது மொதலாளி வீட்டு பீரோல இருக்கணும். மாசம் ஒரு தடவ அதுல இருந்து டேட்டாவ எடுத்து வேற சிஸ்டத்துல டேலிய திறந்து, நேத்தைய பில்லு வருதான்னு கண்ணால பாக்கணும். திறந்து பாக்காத பேக்கப்ப நான் பேக்கப்னே கணக்குல எடுத்துக்கறது இல்ல. ரிமோட்ல வர்றவங்க விபிஎன்ங்கற பூட்டுன தனி வழியா வரட்டும், ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டு இருக்கட்டும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவ நிறுத்திருச்சு, இன்னமும் அதுலயே பில்லிங் ஓட்டறவங்க ஏராளம், அத மாத்தற செலவ தள்ளிப் போடாதீங்க. 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரேன்சம்வேர் வந்து நூத்தம்பது நாட்டுல சிஸ்டத்த பூட்டுனப்போ, அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச்லயே வந்திருந்துச்சு.

இங்கிலாந்துல கேஎன்பின்னு ஒரு லாரி கம்பெனி, 158 வருஷப் பழசு, 2023ல ரேன்சம்வேர்ல மாட்டி மூடிட்டாங்க, 700 பேருக்கு வேலை போச்சு. ஒரு ஊழியரோட சுலபமான பாஸ்வேர்ட யூகிச்சு உள்ள வந்திருக்காங்கன்னு நம்பறாங்க. அந்த ஊழியர் கிட்ட அத சொல்லவே இல்லன்னு அந்தக் கம்பெனி இயக்குநர் பிபிசி கிட்ட சொன்னாரு. அந்த மனுஷன் நெலமைய நான் பல தடவ யோசிச்சுப் பாத்திருக்கேன். ஒரு பாஸ்வேர்ட் போனா 700 குடும்பம் போற மாதிரி அமைப்ப வெச்சிருந்தது அந்த ஊழியர் இல்ல. நம்ம ஊர்லயும் தப்ப தையல்காரப் பொண்ணு மேலயும் அக்கவுண்டண்ட் மேலயும் தான் போடறாங்க, ரெண்டாவது பூட்ட போடாத நிர்வாகத்த யாரும் கேக்கறது இல்ல.

கடைசியா காலேஜ் பசங்களுக்கு ஒண்ணு, இத நெறய பேரு பேசறதே இல்ல. மேல சொன்ன எல்லா மோசடிக்கும் பணம் போயி விழ ஒரு அக்கவுண்ட் வேணும். அது பெரும்பாலும் உங்கள மாதிரி ஒருத்தரோட அக்கவுண்ட். "அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, அஞ்சாயிரம் தர்றேன்" னு ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் வருவான். டெலிகிராம்ல "பேமென்ட் பிராசஸிங் வேலை, கமிஷன்" னு வரும். எங்கயோ ஒரு ரிட்டையர்டு வாத்தியாரோட பிஎஃப் பணம் உங்க அக்கவுண்ட்ல விழுந்து பத்து நிமிஷத்துல கெளம்பிரும், புகார்ல மொத பேரு உங்களோடது. வேற மாநில போலீஸ் உங்க வீட்டுக் கதவ தட்டும், பேங்க் உங்க பணத்த எல்லாம் முடக்கும், படிப்பு முடிச்சு வேலைக்கு போறப்போ வழக்கு நிக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது சார்னு சொன்னா கார்டு எப்படி அவன் கைக்கு போச்சும்பாங்க.

ஏற்கனவே குடுத்துட்டு, வீட்டுல சொல்ல பயந்துட்டு, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுட்டு இருக்கற பசங்க இத படிக்கலாம். நீ இன்னைக்கே பேங்க் கிளைக்கு போ. கார்டும் சிம்மும் யார் கிட்ட, எந்தத் தேதில குடுத்தன்னு எழுதி, அக்கவுண்ட்ட ஒடனே முடக்கச் சொல்லி லெட்டர் குடுத்து, அந்த லெட்டர் காப்பில சீல் போட்டு வாங்கிக்க. அவன் கூட பேசின சேட்ட அழிக்காத. அந்த சிம்ம பிளாக் பண்ணு. சைபர் கிரைம் ஸ்டேஷன்ல அவங்க தேடி வர்றதுக்கு முன்னாடி நீயா போயி புகார் குடு, தெரிஞ்ச வக்கீல் இருந்தா கூட்டிட்டுப் போ. போறதுக்கு முன்னாடி அப்பா கிட்ட சொல்லிரு. கோவப்படுவாரு தான், ஆனா ஸ்டேஷனுக்கு அவரு கூட வந்தா உனக்கு தைரியமா இருக்கும்.